மட்டைப் புகையும் மாசிக் கருவாடும்

உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர், உண்ணப்பட்டதைப் பற்றிப் பேசும் அளவுக்கு எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த அரிசி, எந்த மீன், எந்த நாட்டு மிளகு என்பதற்கெல்லாம் ஏடுகளில் குறிப்புகள் கிடைக்கும். அடுப்பில் எரிந்தது எது, அதைச் சுமந்து வந்தவர் யார், அது யாருக்கு உரியதாயிருந்தது என்று கேட்டால் அவ்வேடுகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் அத்தகைய சிறிய ஒன்று. மீனைப் புகையூட்டிப் பதப்படுத்தும்போது மரத்தை வெட்டி எரிக்காமல், விளைச்சலில் மிஞ்சும் மட்டையையும் தொலியையும் சக்கையையும் எரிப்பது. இன்று இது புதிய நுட்பமாக முன்வைக்கப்படுகிறது. நம்மை ஒட்டிய கடற்பரப்பிலேயே இதற்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு, 'கழிவு' என்ற சொல்லையே சற்று ஐயத்தோடு பார்க்கச் சொல்கிறது என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது.

அய்யலூரின் விறகு

கடலைப் பற்றிய இப்பேச்சைக் கடலே இல்லாத ஓர் ஊரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், வடமதுரையை எட்டுவதற்கு முன் வருவது அய்யலூர். வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். ஒரு பக்கம் மானாவாரி நிலமும் தோட்டங்களும். மறுபக்கம் வறண்ட காடு போர்த்த குன்றுகள். எரிபொருள் என்ற ஒன்றின் வரலாறு முழுவதையும் இவ்விரு பக்கங்களுக்கு நடுவே நின்று பார்த்துவிடலாம்.

திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே இவ்வூர் வழியாக இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1875இல். அக்காலத்தில் சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்கள் பெருமளவு விறகையே தின்று ஓடின. நிலக்கரி வங்காளத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலேறி வரவேண்டியிருந்தது; விறகோ பாதையோரக் காட்டிலேயே கிடைத்தது. காடு கரைவதைக் கண்ட அரசு விழித்துக்கொண்டதன் விளைவுகளுள் ஒன்று 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம். காப்புக் காடு என்ற எல்லைக்கோடு விழுந்தது. ரயிலுக்கு விறகு வேண்டும் என்பதற்காகவும் வகுக்கப்பட்ட அக்கோடு, சுள்ளி பொறுக்கும் பெண்ணின் தலைச்சுமைக்கும் கணக்குக் கேட்டது.

அவ்வகையில் குடிசை அடுப்புகள் வயலின் பக்கம் மேலும் சாய்ந்தன. பருத்தி எடுத்து முடிந்த பின் பிடுங்கப்படும் பருத்திமார், சோளத்தட்டையின் அடிக்கட்டை, நிலக்கடலைத் தொலி, தென்னை மட்டை, பன்னாடை, பாளை, விராட்டி ஆகியவையே கரிசலும் செம்மண்ணும் கலந்த தென்தமிழ்நாட்டுச் சமவெளிகளின் உண்மையான விறகு. பருத்திமாரைப் பிடுங்கித் தருபவரே அதை எடுத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. நிலத்துக்காரருக்கு அடுத்த உழவுக்கு நிலம் சுத்தமாக வேண்டும். பிடுங்கியவருக்கு அடுப்புக்கு மார் வேண்டும். கூலி என்று பெயரிடப்படாத கூலி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் இதன் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

அய்யலூரை அடுத்த காட்டுக்கு இன்று வேறொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் பரவியுள்ள 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இது. கிளை விட்டுக் கிளை தொற்றி இரவில் இரை தேடும் அச்சிறு உயிருக்கு, மரங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் தொடர்ச்சி உயிர்நாடி. விறகுக்காக நடுவில் நாலு மரம் போனால், நமக்கு அது வெட்டவெளி. தேவாங்குக்கு அறுந்த பாலம். ஆகவே, 'மரத்துக்கு மாற்றாக எதை எரிப்பது' என்ற கேள்வி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று.

வெயில் இருக்கும் இடத்தில் புகை எதற்கு?

அய்யலூர்ச் சமவெளியில் மீனைப் புகையூட்டும் மரபு இல்லை. வியப்பென்னவெனில், தமிழகக் கடற்கரையிலும் அது பெரிதாக வேரூன்றவில்லை. நம்முடையது கருவாட்டு மரபு. அதன் தொழிலாளி வெயில், துணையாள் உப்பு. நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் மீன் காயவைத்துப் பறவைகளை விரட்டிக் காத்திருக்கும் காட்சி சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவதை இலக்கிய வாசகர்கள் அறிவர். ஆண்டின் பெரும்பகுதி காயும் வெயில் இருக்கையில், எரிபொருளைத் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் எயிற்பட்டினத்துக் காட்சி ஒன்று நம் பொருளுக்கு நெருக்கமானது. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துறங்குவதுபோல் கரையில் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீமூட்டி நுளைமகள் கள் அரிக்கிறாள். பாணர்க்கு உலர்ந்த குழல்மீன் சுட்டுத் தரப்படுகிறது. இங்கே கருதத்தக்கது அந்த விறகு வந்த வழி. யாரும் வெட்டிய மரமன்று அது. எந்த நாட்டிலோ விழுந்து, கடலால் உரிமை அழிக்கப்பட்டு, கரை ஒதுங்கிய மரம். எடுத்தவருக்கே சொந்தம். மீனும் நெருப்பும் சந்திக்கும் நம் இலக்கியத்தின் மிகப் பழைய இடங்களுள் ஒன்றில், எரிவது உரிமையாளர் இல்லாத ஒரு மிச்சப் பொருளாக இருப்பது தற்செயலாயினும் பொருள் பொதிந்தது.

வெள்ளையர் ஆட்சியிலும் புகை முதன்மை பெறவில்லை. இந்திய, பர்மியக் கடல் மீன்வளம் குறித்த பிரான்சிஸ் டேயின் அறிக்கை 1873இல் வெளிவந்தது. மீன் பதப்படுத்துவோரின் பெருந்தொல்லை உப்பு வரியாக இருந்ததால், கடற்கரையில் அரசு தனி முற்றங்களை அமைத்து அங்கே மட்டும் வரியில்லா உப்பை வழங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்ட பிரெடரிக் நிக்கல்சன் ஜப்பான் வரை சென்று அந்நாட்டு மீன்தொழிலைக் கண்டு எழுதினார். ஆயினும் துறையின் கவனம் மத்தி எண்ணெய், மீன் உரம், தகர டப்பா என்ற திசைகளில் சென்றது. வெயிலும் உப்பும் இருக்கையில் புகைக்கு இங்கே வேலையில்லை என்றே சொல்லலாம்.

தீவுகளின் வழி

புகைக்கு வேலை இருந்த இடம் நமக்குத் தென்மேற்கே, மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும். நம் அடுக்களைகளில் 'மாசி' என்றும் 'மாசிக் கருவாடு' என்றும் வழங்கும் கட்டை போன்ற பொருள் அங்கிருந்து வந்ததே. இப்பெயருக்கும் மாசித் திங்களுக்கும் தொடர்பில்லை. திவேகி மொழியில் மீனைக் குறிக்கும் 'மஸ்' என்ற சொல்லின் வழி வந்தது அது. மினிக்காய் நமக்கு அந்நியமான தீவும் அன்று. 1956 நவம்பரில் தனி ஒன்றியப் பகுதி உருவாகும் வரை இலட்சத்தீவுகளும் மினிக்காயும் மலபார் மாவட்டத்தோடும், அமினித் தீவுகள் தென்கன்னட மாவட்டத்தோடும் சேர்ந்து சென்னையின் ஆளுகையில் இருந்தன.

அங்கே பிடிபடுவது சூரை மீன். இரத்தம் மிகுந்த, தடித்த சதை. நெத்திலியையோ சாளையையோ போல ஒரு நாள் வெயிலில் அது உலராது. உள்ளே ஈரம் தங்கி அழுகும். ஆகவே முதலில் தலையும் குடலும் நீக்கி, நெடுக்குவாட்டில் நான்கு துண்டமாக அரிந்து, உப்புநீரில் வேகவைக்கிறார்கள். பின்னர்ப் பரணில் அடுக்கிக் கீழே புகை மூட்டுகிறார்கள். அதன்பின் வெயில்; மீண்டும் புகை; மீண்டும் வெயில். இறுதியில் பச்சை மீனின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சும். உலக்கையால் இடித்தோ அரிவாளால் சீவியோதான் பயன்படுத்த முடியும் எனும் அளவுக்கு இறுகிவிடும் அது, ஈரம் படாமல் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது.

இம்முறையின் பழமைக்கு இரு பயணிகள் சான்று. 1343இல் மாலத்தீவை அடைந்து அங்கே நீதிபதியாகவும் இருந்த இப்னு பதூதா, மீனை நான்காகத் துண்டித்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாவதையும் பதிவு செய்கிறார். 1602இல் கப்பல் உடைந்து அத்தீவுகளில் ஒதுங்கி, 1607 வரை சிறைப்பட்டவர்போல் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், கடல்நீரில் வேகவைத்துப் பரண்களில் உலர்த்தப்படும் அதே மீனையும் அதன் பெருவணிகத்தையும் விவரிக்கிறார். இருவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு, முறையில் மாற்றமில்லை.

புகைக்கு எரித்தது எதை? பவளத் திட்டுகளில் அடர்காடு கிடையாது. இலட்சத்தீவுக் கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர் அளவுதான். அதில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தென்னை. வெட்டி எரிக்கத் தொடங்கினால் ஒரு தலைமுறையில் உணவும் நிழலும் தீர்ந்துவிடும். ஆகவே தேங்காயின் உரிமட்டையும் சிரட்டையுமே புகையறையின் எரிபொருளாயின. யாரோ ஒரு நிபுணர் ஆராய்ந்து பரிந்துரைத்த மாற்று எரிபொருளன்று அது. மரத்தை எரித்தால் மரம் போய்விடும் என்பதை ஒரு சிறு தீவு நாள்தோறும் கண்முன் நிறுத்தியதால் விளைந்த அறிவு.

மட்டை ஏன் இதற்கு இவ்வளவு பொருந்தியது என்பதையும் பார்க்கலாம். தமிழகத்துப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைப்பதற்காகத் தொங்கிய கயிற்றை நினைவுகூர்வோர் இதை எளிதில் உணர்வர். காலையில் நுனியில் வைத்த கனல், கொழுந்து விடாமல், அணையாமல், மாலை வரை கயிற்றைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கும். நாரின் இயல்பு அது. மீனுக்கு வேண்டியதும் அதுவே: தீ அன்று, புகை. கொழுந்துவிட்டு எரிந்தால் மீன் கருகும். கனன்று புகைந்தால் பதமாகும். தேங்காய் நாரில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. அது கனலும்போது பிரியும் ஃபீனால் வகைச் சேர்மங்களே மீனுக்கு மணமும் நிறமும் தந்து, நுண்ணுயிர்களையும் கொழுப்புச் சிக்கையும் தடுத்து நிற்கின்றன.

இதே சூரையை இதே போல் வேகவைத்துப் புகையூட்டும் இன்னொரு நாடு ஜப்பான். அங்கே 'கட்சுவோபுஷி' எனப்படும் அப்பொருளுக்குக் கருவாலி போன்ற வன்மரங்களின் விறகு எரிகிறது. மலைக்காடு உள்ள நாட்டில் மரம். தென்னை மட்டுமே உள்ள தீவில் மட்டை. மீன் ஒன்றுதான், புகையின் மூலத்தை மண் தீர்மானித்திருக்கிறது.

மட்டைக்கு இரு வழிகள்

மட்டை தீவுகளில் யாருக்கும் வேண்டாத கழிவாகக் கிடந்தது என்று எண்ணிவிடலாகாது. புகையூட்டிய மீனைப் பற்றி எழுதிய அதே இப்னு பதூதா, தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து, பெண்கள் நூற்கும் கயிற்றையும் விவரிக்கிறார். அக்கயிறும் இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்கே சென்றது. ஆணி இல்லாமல் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டும் கடலோடிகளுக்கு அது இன்றியமையாதது. ஆக, ஒரே மட்டைக்கு இரண்டு வழிகள் இருந்தன. நீரில் ஊறினால் கயிறு. நெருப்பில் கனன்றால் புகை. இரண்டும் கப்பலேறும் சரக்காகவே முடிந்தன.

கயிற்றின் வழியை அரசுகள் விரைவில் கண்டுகொண்டன. இலட்சத்தீவின் தென்பகுதித் தீவுகள் கண்ணூரின் அரக்கல் மரபினரது ஆட்சியில் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே கயிற்று வணிகம் ஆட்சியாளரின் ஏகபோகமாயிற்று. தீவினர் திரித்த கயிற்றை அவர்கள் குறித்த விலைக்கே தரவேண்டும். ஈடாக அரிசி கிடைக்கும். தீவில் நெல் விளையாது என்பதால் மறுக்கும் வழியும் இல்லை. அமினித் தீவுகள் 1799இல் கும்பினியாரின் கைக்கு வந்தபின் அங்கும் கயிற்றுக்கு அரிசி என்ற ஏற்பாடே தொடர்ந்தது. இவ்வேகபோகத்தைச் சுற்றி மனக்கசப்பும் கள்ளத்தனமாகக் கரைக்குக் கயிறு கடத்துவதும் நெடுங்காலம் நடந்தன.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடத்தை முன்வைக்கிறது. மட்டை ஒரு வீட்டின் முற்றத்தில் கிடக்கும் வரை, அதில் எவ்வளவு கயிற்றுக்கு, எவ்வளவு புகைக்கு, எவ்வளவு அடுப்புக்கு என்பதை அவ்வீட்டினரே பங்கிட்டுக்கொள்கின்றனர். அதற்கு வெளியிலிருந்து ஒரு விலையோ ஒரு வரியோ வந்தவுடன், முதற்பங்கு வெளியாருக்குப் போகிறது. எஞ்சியதில்தான் உள்ளூர்த் தேவை. மட்டையைக் கழிவு என்று அழைப்பது, முதற்பங்கை எடுத்துக்கொண்டவரின் மொழி.

கொழும்புச் சந்தையும் யாழ்ப்பாணக் குடிலும்

மாசியின் பெருஞ்சந்தையாக நெடுங்காலம் விளங்கியது இலங்கை. சிங்களர் 'உம்பலகட' என்பர். தமிழர்க்கு மாசிச் சம்பல் இல்லாத இலங்கைச் சமையலை எண்ணவே இயலாது. மாலத்தீவின் பொருளாதாரமே இச்சந்தையை நம்பியிருந்தது. 1971-72இல் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு ஆளான இலங்கை அரசு மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தபோது, மாலத்தீவின் அடித்தளம் ஆட்டம் கண்டது. அதே வேளையில் ஜப்பானின் மாருபெனி நிறுவனம் பச்சை மீனையே வாங்கிக் குளிர்பதனக் கப்பல்களில் உறையவைக்கத் தொடங்கியது. அதற்குச் சற்று முன், 1969இல், மினிக்காயிலும் சூரை மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலை ஏற்பட்டிருந்தது. மீன் புகையறைக்கு வராமல் பனிக்கட்டிக்கும் டப்பாவுக்கும் சென்றது. பல நூற்றாண்டுகள் இரு பயணிகளின் குறிப்புகளுக்கிடையே மாறாமல் நின்ற தொழில், ஓர் அரசாணையால் சுருங்கிற்று. முற்றும் மறையவில்லை, ஆனால் ஒரு நாட்டின் முதற்றொழில் என்ற இடத்தை இழந்தது.

மட்டைப் புகை மீனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. அங்கே வாயில் அடக்கும் புகையிலையைப் பதமாக்கக் குடிலில் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சையும் பனையின் ஊமலையும் எரித்துப் புகையூட்டினர். அப்புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருஞ்சரக்காகச் சென்றது. அய்யலூரை அடுத்த வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நண்பர்கள் அறிவர். திண்டுக்கல் சமவெளியின் புகையிலை பெரும்பாலும் வெயிலில் பதமாவது, யாழ்ப்பாணத்ததோ புகையில். கருவாட்டுக்கும் மாசிக்கும் உள்ள அதே வேறுபாடு. தென்னையும் பனையும் தந்த மிச்சத்தில், காட்டைத் தொடாமல் ஒரு வணிகப் பயிரே பதமாகியிருக்கிறது.

ஆப்பிரிக்கக் கரையில் மறுபிறப்பு

இனி, புதிய நுட்பம் என்று சொல்லப்படுவதற்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் புகைமீன் அன்றாட உணவு. அத்தொழில் ஏறக்குறைய முழுவதும் பெண்களுடையது. எரிபொருளோ மரம், அதிலும் சதுப்புநிலக் கண்டல் மரம், ஈரமாயினும் எரிந்து மீனுக்குப் பொன்னிறம் தருவதால் விரும்பப்பட்டது. கண்டல் அழிந்தால் மீன்குஞ்சு வளரும் இடம் அழியும். புகையூட்டுவதற்காக மீனின் தொட்டிலையே எரிப்பதாக முடிந்தது.

இதற்கான முதல் விடை கானாவில் பிறந்தது. தலைநகர் அக்ராவை ஒட்டிய சோர்க்கர் என்னும் மீனவக் குடியிருப்பின் பெண்களோடு அந்நாட்டு உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து, 1969 தொடங்கி உருவாக்கிய அடுப்பு 'சோர்க்கர் அடுப்பு' என்றே பெயர் பெற்றது. நீள்சதுர மண் சுவர். அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மரச்சட்டத் தட்டுகள். தட்டுகளே புகைபோக்கியாக அமைவதால் குறைந்த விறகில் மிகுந்த மீன் பதமாயிற்று. ஆனால் எரிந்தது விறகுதான்; புகையும் பெண்களின் கண்ணிலும் நெஞ்சிலும்தான்.

இரண்டாம் விடை 2008இல் செனகல் நாட்டில் டக்கார் நகரின் தியாரோயையில் வந்தது. சோர்க்கர் போன்ற பழைய அடுப்போடு சில உறுப்புகளைச் சேர்த்தனர். மீன் முதலில் தணல்மேல் வேகும்போது வடியும் கொழுப்பைத் தாங்கும் ஒரு தட்டு. பிறகு புகையைத் தனியே உண்டாக்கும் ஒரு பெட்டி. அப்புகை மீனை அடையுமுன் கடந்து வரவேண்டிய ஈர வடிகட்டி. புகைப்பெட்டியில் இடுவது தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, சோளக்கதிரின் சக்கை போன்ற வேளாண் மிச்சங்கள். மினிக்காய்ப் பரணின் கீழ் காலங்காலமாகக் கனன்ற அதே மட்டை, தகரப் பெட்டிக்குள் புகுந்து புதுமை என்ற பெயர் பெற்றது எனலாம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுப்பு நெருப்பில் சொட்டும்போதும், எரிபொருள் அடங்காத் தீயாக எரியும்போதும் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களுள் பென்சோபைரீன் என்பது புற்றுநோய் விளைவிப்பது என உறுதிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் புகைமீன் ஒரு கிலோவில் இது 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என வரம்பிட்டது. தியாரோயை அடுப்பு அவ்வரம்புக்குள் நிற்கும் நோக்கோடு அமைந்தது. மட்டையை எரித்தாலே தூய புகை வந்துவிடாது. எரிபொருள், வெப்பம், வழி மூன்றும் சீராக வேண்டும். பழைய முறை மரத்தைக் காத்தது. புதியது உண்பவரையும் புகையூட்டுபவரையும் காக்க முயல்கிறது. பழமையின் பெருமை பேசும் நாம் இதை மறைத்தல் தகாது.

எது எரிக்கத்தக்கது, யாருடையதை எரிப்பது

மீண்டும் நம் சமவெளி. அணைகளிலும் கண்மாய்களிலும் வளர்க்கப்படும் மீன் உள்நாட்டில் பெருகியுள்ள காலம் இது. விற்காமல் எஞ்சும் மீனைப் புகையூட்டி வைத்தால் என்ன, அதற்கு அய்யலூர்க் காட்டில் கை வைக்காமல் வயலின் மிச்சத்தை எரித்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே.

விடை சொல்லுமுன் பொருள்களைத் தனித்தனியே எடைபோட வேண்டும். தேங்காய் மட்டை முதலிடம் பெறும். காரணம் மேலே கண்டோம். நிலக்கடலைத் தொலி மெல்லக் கனலும். சீனத்தின் ஹூனான் பகுதியில் இறைச்சிக்கே அதைப் புகையாக்குகின்றனர். நெல் உமியும் நன்றாகப் புகையும். ஆனால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகி, காற்றில் பறந்து மீனில் ஒட்டும். முந்திரிக்கொட்டை ஓட்டை அடுப்பருகே கொண்டுவரவே கூடாது. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் கார்ப்புடையது. பூச்சிமருந்தில் குளித்து வளர்ந்த பருத்தியின் மாரையும் உணவுக்கான புகையில் தவிர்ப்பதே அறிவு. வயலில் விளைந்தது என்பதற்காக எல்லாம் தூயதாகிவிடாது.

அடுத்த கேள்விதான் கடினமானது. இம்மிச்சங்கள் இன்று யாருடையவை? ஒரு காலத்தில் தென்னை நார் ஆலைகளின் வெளியே குன்றாகக் குவிந்து கிடந்த நார்க்கழிவு, இன்று கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறுகிறது. உரிமட்டையை லாரியில் வந்து விலைக்கு அள்ளிச் செல்கின்றனர். உமியும் கடலைத் தொலியும் கொதிகலன்களுக்குப் போகின்றன. உழவருக்கு இதனால் ஓர் காசு கூடுகிறதென்றால் அதை நாம் குறை சொல்லலாகாது. ஆனால் விலை வந்த அன்றே, அதை விலையின்றி எடுத்துவந்த ஒருவரின் கை வெறுங்கையாகிறது. பருத்திமாரைப் பிடுங்கிய உரிமையில் அடுப்பெரித்தவர், மட்டையை முற்றத்தில் பொறுக்கியவர் ஆகியோர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. அவர்களுக்கு அடுத்துள்ள வழி காட்டின் பக்கம்தான் போகிறது. எரிவாயு உருளை இன்று பல வீடுகளை எட்டியிருப்பினும், உருளை தீர்ந்த நாளிலும் பெரிய அண்டா வைக்கும் நாளிலும் விறகு தேவைப்படுவதை நாம் காண்கிறோம்.

ஆகவே, மரத்துக்கு மாற்றாக வேளாண் கழிவு என்று ஒரு திட்டம் வரும்போது, அதன் வெப்ப அளவையும் புகை அளவையும் கேட்பதோடு, அக்கழிவை இதுவரை எரித்துவந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். கயிற்று ஏகபோகத்தின் கீழிருந்த தீவுகள் நமக்குச் சொல்வது இதைத்தான். மட்டை தீவினரிடம் இருந்த வரை தென்னையும் நின்றது, மீனும் பதமாயிற்று. ஒரு புகைக்கூடம் தொடங்குவோர், மட்டையின் முதற்பங்கு அவ்வூர் அடுப்புக்கு, அடுத்தது கூடத்துக்கு, எஞ்சியது லாரிக்கு என்று வரிசை வகுத்தால் அது மரத்தைக் காக்கும். வரிசை தலைகீழானால், புகைக்கூடத்தில் மட்டை கனலும்; குன்றின் மேல் மரம் விழும். கணக்கில் மட்டும் காடு காப்பாற்றப்பட்டிருக்கும்.